ஏழு எழுத்தும் முப்பத்தாறு பைட்டும்: தமிழ் உரையை வகை மாற்றிய வரலாறு

திருவண்ணாமலை என்ற ஊர்ப்பெயரில் எழுத்துகள் ஏழு: தி, ரு, வ, ண், ணா, ம, லை. இந்த ஏழும் கணினிக்குள் எத்தனை இடம் பிடிக்கும் என்பதற்குக் கடந்த நாற்பது ஆண்டுகளில் ஒரே விடை இருந்ததில்லை. டிஸ்கி குறியேற்றத்தில் 10 பைட். பாமினி எழுத்துருவில் 11. இந்திய அரசின் இஸ்கியில் 12. தமிழ்நாடு அரசு ஏற்ற டேஸ்-16இல் 14. யூனிகோடின் யூ.டி.எஃப்-16 வடிவில் 24, இணையம் முழுக்கப் புழங்கும் யூ.டி.எஃப்-8 வடிவில் 36. பெயர் ஒன்றுதான், கட்டி வைத்த மூட்டைகள் ஆறு. ஒரு மூட்டையைப் பிரித்து எழுத்து சிந்தாமல் இன்னொன்றாகக் கட்டும் வேலைக்கு ஒரு வரலாறு உண்டு. அது அச்சுக்கூடத்திலும் தட்டச்சுப் பொறியிலும் தொடங்கி, கம்பைலர் எழுதுவோரின் மேசை வரை வந்து சேர்கிறது.

மாற்றுவதில் அடிப்படையாக இரண்டு வழிகள் உள்ளன. முதல் வழியில் நினைவகத்தில் கிடக்கும் பிட்டுகளைத் தொடுவதில்லை. அவற்றை என்ன வகையாகப் படிப்பது என்பது மட்டும் மாறுகிறது. இதை மறுவாசிப்பு எனலாம். இரண்டாம் வழியில் பொருள் அப்படியே நிற்கும்படி பிட்டுகளே மாற்றி எழுதப்படுகின்றன. இது மதிப்பு மாற்றம். கோயில் நெல் கணக்கில் ‘ஒரு பதக்கு’ என்று இருக்கும் இடத்தில் பதக்கை அடித்துவிட்டுக் குறுணி என்று எழுதினால் பாதி நெல் கணக்கிலிருந்து காணாமல் போகும். ‘இரண்டு குறுணி’ என்று எழுதினால்தான் கணக்கு நேர்படும். இரண்டு வழிகளுக்குமே முறையான பயன் உண்டு. ஒன்று வேண்டிய இடத்தில் மற்றொன்று நுழைந்துவிடுவதுதான் சிக்கல், அப்படி நுழைவதை யாரும் உடனே கவனிப்பதும் இல்லை.

திரும்பி வர முடியுமா என்பது இன்னொரு சோதனை. 1767இல் ஹைதர் அலியும் ஐதராபாத் நிஜாமும் சேர்ந்து கர்னல் ஸ்மித்தின் படையோடு மோதிய இடத்தை ஆங்கிலேயர் பதிவுகள் ‘ட்ரினோமலி’ என்கின்றன. அந்த ஒலிபெயர்ப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மூலப் பெயரில் இருந்த இரட்டை ணகரத்தை யாராலும் மீட்க முடியாது. போன வழியே திரும்பி வர இயலாத மாற்றம் இழப்புள்ள மாற்றம். கணினியில் தமிழ் உரைக்கு நேர்ந்த பெரும்பாலான சேதங்கள் இந்த வகையைச் சேர்ந்தவைதான்.

தமிழ் எழுத்தை எந்திரத்துக்குள் அடக்கும் முயற்சியில் யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா, சிங்கப்பூர்ப் பகுதியில் வாழ்ந்த ஆர். முத்தையாவின் பெயர் முதலில் நிற்கிறது. 1930களில் அவர் வடிவமைத்த தட்டச்சுப் பொறி 247 எழுத்துகளையும் சில பத்து விசைகளில் அடக்கியது. விசை என்பது வடிவம்: கொம்பு ஒரு விசை, கால் ஒரு விசை, மெய்யின் உடல் ஒரு விசை. ‘லை’ வேண்டுமென்றால் இணைக்கொம்பு முதலில், லகரம் அடுத்து. பலுக்கும்போது மெய் முன், உயிர் பின். தாளில் கொம்பு முன், மெய் பின். ஒலியின் வரிசையும் தாளின் வரிசையும் இப்படி முரண்படுவது தமிழுக்கு இயல்பு. தாளின் வரிசையைத் தேர்ந்த தட்டச்சு மரபு பிற்பாடு கணினி எழுத்துருக்களுக்கும் அப்படியே கடத்தப்பட்டது.

1978இல் தமிழ்நாடு அரசு பெரியார் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. திருவண்ணாமலை என்ற பெயரில் ணா, லை இரண்டும் அந்தப் பதின்மூன்றில் அடக்கம். அதற்கு முன் அச்சான தல வரலாறுகளிலும் ஊர்ப்பலகைகளிலும் ணாவின் கால் எழுத்தோடு சுருண்டு ஒட்டியிருக்கும். லையின் ஐகாரம் துதிக்கை போல மேலெழுந்து வளைந்திருக்கும். வடிவம் மாறினாலும் எழுத்து மாறவில்லை. வடிவத்தைச் சேமிப்பதா, எழுத்தைச் சேமிப்பதா என்ற கேள்விக்குத் தமிழ் கணினிக்குள் வரும் முன்பே இப்படி ஒரு தெளிவான எடுத்துக்காட்டு கிடைத்துவிட்டது. ஆனால் 1980களின் எழுத்துரு வடிவமைப்பாளர்களுக்கு வேறு வழி இல்லை. வன்பொருளும் இயங்குதளமும் ஆங்கிலத்துக்காகக் கட்டப்பட்டவை. ஆங்கில எழுத்து இருந்த கட்டத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைப்பதே அன்று கைக்கு எட்டிய தீர்வு.

மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு, கனடாவில் கு. சீனிவாசனின் ஆதமி, சுவிட்சர்லாந்தில் கு. கல்யாணசுந்தரத்தின் மயிலை, சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் கணியன் என்று 1980களிலும் 90களிலும் உலகின் பல மூலைகளில் தமிழ் எழுத்துருக்கள் பிறந்தன. ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டவமைப்பு. ஈழத்திலும் புலம்பெயர்ந்தோரிடையேயும் பாமினி பரவியது. நாளிதழ்களும் வார இதழ்களும் இணையத்துக்கு வந்தபோது ஆளுக்கொரு எழுத்துருவோடு வந்தன. ஒரு இதழைப் படிக்க இறக்கிய எழுத்துரு அடுத்த இதழுக்கு உதவாது.

பாமினியில் தட்டிய திருவண்ணாமலையை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் திரையில் தெரிவது ஜே, பி, யு, டி, இசட், அரைப்புள்ளி, மறுபடி இசட், ஹெச், கே, ஐ, ஒய். கோப்பில் உண்மையாகவே இருப்பது அந்தப் பதினொரு ஆங்கிலக் குறிகள்தான். தமிழ் எழுத்துருவின் தயவில் மட்டும் இருந்தது. இது மறுவாசிப்பின் நேரடி விளைவு: பிட்டுகள் ஒன்று, படிக்கும் கண் இரண்டு. கடைசி இரண்டு குறிகளில் ஐ என்பது ஐகாரக் கொம்பு, ஒய் என்பது லகரம். தட்டச்சுப் பொறியின் வரிசை அப்படியே தங்கியிருக்கிறது.

இதற்கு நேர்மாறான பாதையில் இந்திய அரசின் தரம் சென்றது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் தொடங்கிப் பின் புனேயின் சி-டாக் நிறுவனத்தில் வளர்ந்த பணியின் பயனாக உருவான இஸ்கி, 1991இல் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 13194 எண்ணுள்ள தரமானது. பிராமி வழி வந்த எல்லா எழுத்துகளுக்கும் ஒரே கட்டம். மெய் முன், உயிர்க்குறி பின். வடிவம் எழுத்துருவின் பொறுப்பு. 1988ஆம் ஆண்டின் இஸ்கி பதிப்பை அடியொற்றி 1991 அக்டோபரில் வந்த யூனிகோடின் முதல் பதிப்பில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட தொகுதி ஒதுக்கப்பட்டது. தசம எண்ணில் 2944 முதல் 3071 வரை. உயிர்மெய்களுக்குத் தனிக் குறியெண் இல்லை. ‘லை’ என்பது லகரம், அதன்பின் ஐகாரக் குறி. பழைய துதிக்கை வடிவமும் சீர்திருத்த வடிவமும் ஒரே குறியெண் இணையில் அடங்கின. உயிர்மெய்யைத் துண்டாக்கியது தமிழின் இலக்கணத்துக்குப் பொருந்தாது என்ற மனக்குறை தமிழறிஞர்களிடம் நெடுங்காலம் நீடித்தது. அதில் நியாயமும் உண்டு. ஆனால் எழுத்தை வடிவத்திலிருந்து பிரித்ததுதான் பின்னால் வந்த எல்லாப் பாதுகாப்பான மாற்றங்களுக்கும் அடித்தளம் ஆனது.

தரங்கள் இருந்தும் 1990களில் இணையத் தமிழர் கையில் புழங்கியவை எழுத்துருக்கள்தான். 1997இல் சிங்கப்பூரிலும் 1999 பிப்ரவரியில் சென்னையிலும் நடந்த தமிழிணைய மாநாடுகள் இந்தச் சிதறலை ஒழுங்குபடுத்த முயன்றன. சென்னை மாநாட்டின் விளைவாகத் தமிழ்நாடு அரசு தமிழ்99 விசைப்பலகையையும் டேம், டேப் குறியேற்றங்களையும் ஏற்றது. இன்னொரு பக்கம் பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சல் வழியே கலந்து பேசி உருவாக்கிய டிஸ்கி, 2001இல் 1.7 பதிப்பை எட்டியது. 2000இல் தோன்றிய உத்தமம் அமைப்பு இந்த உரையாடல்களுக்கு ஒரு நிலையான களமாயிற்று. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்கள் டிஸ்கியில் வந்தன. பிறகு யூனிகோடுக்கு மாறின. தன்னார்வலர்கள் தட்டச்சிட்டுக் கொடுத்த நூல்கள் அவை. மாற்றும்போது ஓர் எழுத்து தவறினாலும் அந்த உழைப்பில் கை வைத்ததாகும்.

டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்குப் போகும் மாற்றி சந்திக்கும் முதல் சிக்கல் வரிசை. டிஸ்கியில் ரு, ண் இரண்டும் தலா ஒரே பைட். யூனிகோடில் ரகரமும் உகரக்குறியும் இரண்டு, ணகரமும் புள்ளியும் இரண்டு. ஒன்று இரண்டாக விரிவது எளிது. ஒரு அட்டவணை போதும். லை அப்படி அல்ல. ஐகாரக் கொம்பு முதலில் வருகிறது. அடுத்த மெய் என்னவென்று தெரியும் வரை மாற்றி எதையும் எழுதாமல் கொம்பைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். லகரம் வந்ததும் அதை எழுதி, பிறகு கொம்பை எழுத வேண்டும். ஒகரமானால் கொம்பு முன்னும் கால் பின்னும் வரும், இன்னும் ஒரு பைட் பொறுக்க வேண்டும். லினக்ஸ் கணினிகளின் அடிப்படை நூலகமான ஜி.லிப்.சி.யில் 2000களின் தொடக்கத்தில் சேர்ந்த டிஸ்கி மாற்றி இப்படித்தான் இடைநிலையை நினைவில் வைத்து இயங்குகிறது. கோப்பைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொன்றையும் தனித்தனியே மாற்றினால், துண்டின் ஓரத்தில் சிக்கிய கொம்பு அநாதையாகும்.

இரண்டாம் சிக்கல் இன்னும் ஆழமானது. பாமினியில் ளகரத்துக்கும் ஔகாரத்தின் வலப்பக்கக் குறிக்கும் ஒரே கட்டம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல இருப்பதால் அச்சுக்கு அது போதும். மாற்றிக்குப் போதாது. கொம்பு, வகரம், ளகர வடிவம் என்று மூன்று குறி வந்தால் அது ‘வெள’வா ‘வௌ’வா என்பதைப் பைட்டுகள் சொல்வதில்லை. நீளமான பொருத்தத்தை முதலில் தேடும் மாற்றிகள் ஔகாரத்தையே தேர்ந்தன. வெளிநாடு ‘வௌிநாடு’ ஆனது, தெளிவு ‘தௌிவு’ ஆனது. ஔகாரத்தின் தலையில் இகரமும் ஏறிய இந்த ஊனமான எழுத்தை இலங்கைச் செய்தித் தளங்களிலும் அரசு அறிவிப்புகளிலும் இன்றும் காணலாம். எதிர்த்திசையில் ‘கௌரவம்’ பல இடங்களில் ககரக் கொம்பும் தனி ளகரமுமாக உடைந்து கிடக்கிறது. பார்வைக்குச் சரி, தேடினால் கிடைக்காது. ளகரத்துக்குப் பின் இன்னொரு உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அது ஔகாரம் ஆகாது என்ற ஒரே விதி இந்தப் பிழைகளில் பெரும்பகுதியைத் தீர்த்துவிடும். விதி எளிது. அது தேவை என்று தெரிவதற்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும்.

மாற்றிகள் பெரும்பாலும் சி மொழியிலும் அதன் வழித்தோன்றல்களிலும் எழுதப்பட்டவை. அங்கே தமிழுக்கு இன்னொரு கண்ணி காத்திருந்தது. ஆஸ்கி ஆங்கிலக் குறிகள் 0 முதல் 127 வரை. டிஸ்கியும் டேபும் ஆங்கிலத்தோடு ஒத்துப்போகத் தமிழை 128க்கு மேல் வைத்தன. யூ.டி.எஃப்-8இலும் அப்படியே. கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992இல் நியூ ஜெர்சியில் வகுத்த அந்த முறையில் தமிழ்த் தொகுதியின் குறியெண் ஒவ்வொன்றும் மூன்று பைட். தகரத்துக்கு 224, 174, 164. இரண்டாம் பைட்டில் 128 கழித்தால் 46, அதை 64ஆல் பெருக்கினால் 2944. மூன்றாவதில் 128 கழித்தால் 36. கூட்டினால் 2980, அதுவே தகரத்தின் எண்.

சி மொழியின் 1989ஆம் ஆண்டுத் தரம், ‘சார்’ என்ற எழுத்து வகை கூட்டல், கழித்தல் குறி உள்ளதா, குறி அற்றதா என்பதைக் கம்பைலரின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. இன்டெல் வழிக் கணினிகளில் அது குறி உள்ளது. ஆர்ம் சில்லுகளில் ஓடும் லினக்ஸில் குறி அற்றது. குறி உள்ள வகையில் 127க்கு மேல் எண் இல்லை. எனவே 224 என்பது -32 ஆகிறது, 164 என்பது -92. ‘இந்தப் பைட் 128க்கு மேலா?’ என்று கேட்டால் எந்தத் தமிழ் பைட்டுக்கும் ஆம் என்ற விடை வராது. 256 இடங்கள் கொண்ட அட்டவணையில் -92ஆம் இடத்தைக் கேட்டால் அட்டவணைக்கு வெளியே உள்ள நினைவகம் படிக்கப்படும். பைட்டை 16 பிட்டாக அகலப்படுத்தும்போது கம்பைலர் குறியையும் சேர்த்து நீட்டினால் 224 என்பது 65504 ஆகிவிடும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்த நிரலில் இந்தப் பிழை ஒருநாளும் தலைகாட்டாது. தமிழில் முதல் எழுத்திலேயே விழும்.

ஒவ்வொரு பைட்டாக மாற்றிய காலத்தில் இவ்வளவு என்றால், பைட்டுகளைக் கூட்டமாக மாற்றத் தொடங்கியபோது சிக்கல் பெருகியது. 1997இல் இன்டெல் எம்.எம்.எக்ஸ் என்ற பெயரில் எட்டு பைட்டுகளை ஒரே கட்டளையில் கையாளும் வசதியைக் கொண்டுவந்தது. 1999இல் மோட்டோரோலா, ஐ.பி.எம்., ஆப்பிள் மூன்றும் சேர்ந்து உருவாக்கிய ஆல்டிவெக் பவர்பிசி சில்லுகளில் வந்தது. 2000இல் பென்டியம் 4இன் எஸ்.எஸ்.இ.2 பதினாறு பைட்டுகளை ஒரே பதிவகத்தில் எடுத்தது. இத்தகைய பதிவகத்தில் வரிசையாக நிற்கும் மதிப்புகளின் தொகுதிக்கு வெக்டர் என்று பெயர். ஒவ்வொரு மதிப்பும் ஓர் அறை. 128 பிட் பதிவகத்தைப் பதினாறு 8 பிட் அறைகளாகவும் பார்க்கலாம், எட்டு 16 பிட் அறைகளாகவும், நான்கு 32 பிட் அறைகளாகவும் பார்க்கலாம். சில்லுக்கு இவற்றில் வேறுபாடு தெரியாது. எந்த அறை, எத்தனை அகலம், குறி உண்டா என்பதை நினைவில் வைக்கும் பொறுப்பு கம்பைலரின் வகை அமைப்புக்கு உரியது.

இன்டெல் தன் சி மொழி இடைமுகத்தில் எல்லா முழு எண் வெக்டர்களுக்கும் ஒரே வகைப்பெயரை வைத்தது. எழுத எளிது. ஆனால் பதினாறு பைட்டும் எட்டு 16 பிட் எண்ணும் ஒரே பெயரில் நடமாடும்போது, தவறான கட்டளை ஒன்றைக் கோர்த்தாலும் கம்பைலரால் தடுக்க முடியாது. பைட்டுகளை 16 பிட்டாக அகலப்படுத்த எஸ்.எஸ்.இ.4.1இல் இரண்டு கட்டளைகள் தரப்பட்டன: ஒன்று சுழியம் நிரப்பும், மற்றொன்று குறியை நீட்டும். வகையில் குறி பற்றிய தகவலே இல்லாததால் எது சரி என்பதை நிரலரே ஒவ்வொரு முறையும் நினைவில் வைத்துத் தேர வேண்டும். எஸ்.எஸ்.இ.2இன் பைட் ஒப்பீட்டில் ‘பெரியதா’ என்ற கேள்விக்குக் குறி உள்ள வடிவம் மட்டுமே இருந்தது. சார் வகையின் பழைய கண்ணி பதினாறு அறைகளிலும் ஒரே நேரத்தில் மீண்டும் வந்தது. அந்த ஒற்றை வகைப்பெயர் ஒரு வடிவமைப்புத் தவறு என்றே சொல்ல வேண்டும்.

ஆல்டிவெக் அறையின் அகலத்தையும் குறியையும் வகைப்பெயரிலேயே சொன்னது. அது நல்ல முன்னேற்றம். ஆனால் ஒரு வெக்டர் வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றச் சொல்லும் ‘வார்ப்பு’ எழுதினால் மறுவாசிப்பு மட்டுமே நடந்தது. சி மொழியில் தனி எண் ஒன்றை வார்த்தால் மதிப்பு மாறும், 3.0 என்ற தசம எண் 3 என்ற முழு எண் ஆகும். நான்கு தசம எண்கள் உள்ள வெக்டரை அதே குறியீட்டில் வார்த்தால் மதிப்பு மாறாது, பிட்டுகள் முழு எண்ணாக வாசிக்கப்படும். ஒரே இலக்கணம், இரண்டு பொருள். ஜி.சி.சி. கம்பைலரின் பொது வெக்டர் நீட்சியும் இதே வழியைப் பின்பற்றியது: மொத்த அளவு சமமாக இருந்தால் வார்ப்பு என்பது மறுவாசிப்பு. அறை வகை வேறுபடும் வெக்டர்களை வார்ப்பே இல்லாமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்துவதை ஜி.சி.சி. பின்னர் பிழை என்று மறுக்கத் தொடங்கியது. பழைய நிரல்களுக்காக ‘தளர்ந்த வெக்டர் மாற்றம்’ என்ற விருப்பத்தையும் தந்தது.

இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் மும்பை ஐ.ஐ.டி.யில் பயின்ற விக்ரம் அத்வேயின் வழிகாட்டுதலில் கிறிஸ் லாட்னர் 2000இல் தொடங்கிய எல்.எல்.வி.எம். இந்தச் சிக்கலை அடியிலிருந்து சீரமைத்தது. அதன் தொடக்கப் பதிப்புகளில் எல்லா மாற்றங்களுக்கும் ‘வார்ப்பு’ என்று ஒரே கட்டளை. 2007இல் வந்த 2.0 பதிப்பில் அது உடைக்கப்பட்டது. குறுக்கல் தனி, சுழியம் நிரப்பி நீட்டல் தனி, குறி நீட்டல் தனி, தசமத்துக்கும் முழு எண்ணுக்கும் இடையிலான மாற்றங்கள் தனித்தனி, மறுவாசிப்பு தனி. முழு எண் வகைகளிலிருந்து குறி நீக்கப்பட்டது. குறி உண்டா என்பதைக் கட்டளையே சொல்ல வேண்டும் என்றானது. வெக்டர்களுக்கும் இதே சட்டம். நீட்டலிலும் குறுக்கலிலும் இரு பக்கமும் அறைகளின் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். மறுவாசிப்பில் மொத்தப் பிட்டுகள் சமமாக இருக்க வேண்டும். பொருந்தாவிட்டால் நிரல் ஏற்கப்படாது.

அடுத்த ஆண்டின் இறுதியில் வெளியான ஓபன்சி.எல். மொழி அதே தெளிவை நிரலரின் கண்முன் கொண்டுவந்தது. வெக்டர்களுக்கிடையே மறைமுக மாற்றம் கிடையாது, வார்ப்பும் கிடையாது. மதிப்பை மாற்ற ஒரு பெயருள்ள செயல்பாடு, மறுவாசிக்க வேறு பெயருள்ள செயல்பாடு. குறுக்கும்போது மிகுந்த மதிப்பை வெட்டுவதா உச்ச வரம்பில் நிறுத்துவதா என்பதையும் பெயரோடு சேர்த்துச் சொல்லலாம். பொது நிரல்மொழிகளுக்கு இது மெல்ல வந்து சேர்ந்தது. அறைவாரியாக மதிப்பை மாற்றும் உள்ளமை செயல்பாடு ஒன்று கிளாங் கம்பைலரில் 2013இல் சேர்ந்தது, ஜி.சி.சி.யில் 2019இல் வந்த ஒன்பதாம் பதிப்பில் கிடைத்தது. 2020இன் கிளாங் 10 தளர்ந்த மாற்ற விருப்பத்தை மூன்று நிலைகளாகப் பிரித்தது: எதையும் அனுமதிக்காதது, முழு எண்களுக்கிடையே மட்டும் அனுமதிப்பது, எல்லாவற்றையும் அனுமதிப்பது. பழைய நிரலை உடைக்காமல் படிப்படியாக இறுக்க அது வழி செய்தது.

இந்தச் செயல்பாடுகள் வந்துவிட்டதால் உரை மாற்றம் தானாகப் பாதுகாப்பாகிவிடவில்லை. கோயில் கல்வெட்டுகளிலும் பழைய நிலக் கணக்குகளிலும் வரும் முந்திரி என்ற பின்னம் 320இல் ஒரு பங்கு. அதன் குறி, காணி, மா முதலியவற்றின் குறிகளோடு சேர்ந்து 2019 மார்ச்சில் வந்த யூனிகோடு 12இல் ‘தமிழ் துணைத்தொகுதி’யில் இடம்பெற்றது. முந்திரியின் குறியெண் 73664. 16 பிட் அறையில் 65535க்கு மேல் கொள்ளாது. அறைவாரியாக வெட்டிக் குறுக்கினால் மிஞ்சுவது 8128. அந்த எண்ணில் இருப்பது ஒரு கிரேக்க அசையழுத்தக் குறி. திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயில் கல்வெட்டுகளைப் போன்றவற்றைப் படியெடுத்து வைத்த கோப்பில் இந்த வெட்டு நடந்தால் நில அளவு இருந்த இடத்தில் கிரேக்கம் உட்காரும், கம்பைலர் எச்சரிக்கவும் செய்யாது. வெட்டாமல் உச்ச வரம்பில் நிறுத்தினால் 65535. எழுத்தே அல்லாத எண் அது. சரியான வழி ஓர் அறையை இரண்டாக்குவது: 55303, 57280 என்ற இணை. அறைகளின் எண்ணிக்கை இங்கே மாறிவிடுகிறது. எண்ணுக்கான வெக்டர் மாற்றம் அறைகள் மாறா என்று கொள்கிறது. எழுத்துக்கான மாற்றத்தில் அந்த உறுதி இல்லை.

பைட் வரிசையும் மறுவாசிப்பில் மட்டும் வெளிப்படும் இடர். யூ.டி.எஃப்-16இல் தகரத்தின் 2980 என்பது 11, 164 என்ற இரண்டு பைட்டுகள். சில கணினிகள் பெரிய பாதியை முதலில் வைக்கும், இன்டெல் வழியின சிறிய பாதியை முதலில் வைக்கும். ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் அப்படியே வாசித்தால் 41995 கிடைக்கும். அது சீனாவின் தென்மேற்கில் வழங்கும் யீ மொழியின் அசையெழுத்து. கோப்பின் தலையில் 65279 என்ற வரிசைக்குறியை வைப்பது இதற்காகத்தான்.

அகன்ற பதிவகத்தில் யூ.டி.எஃப்-8 தமிழை ஏற்றும்போது இன்னொன்று தென்படும். திருவண்ணாமலையின் 36 பைட்டுகளைப் பதினாறு பதினாறாக எடுத்தால் முதல் வெட்டு ‘ண்’ணின் ணகரத்தில் விழுகிறது: அதன் ஒரு பைட் இங்கே, இரண்டு அங்கே. இரண்டாம் வெட்டு லகரத்தின் மூன்று பைட்டுகளுக்கு நடுவே. ஆங்கிலத்தில் எந்த வெட்டும் எழுத்துக்கு நடுவே விழாது. அதனால் வெக்டர் வழி மாற்றி ஒவ்வொரு சுற்றிலும் முழுமையாக முடிந்த குறியெண்கள் எத்தனை என்று கண்டு, மீந்த பைட்டுகளை அடுத்த சுற்றோடு சேர்த்து எடுக்க வேண்டும்.

இதை முழுமையாகச் செய்து காட்டிய நூலகம் சிம்டி.யூ.டி.எஃப். கனடாவின் டேனியல் லெமயரும் போலந்தின் வோய்ச்சியெக் மூவாவும் வகுத்த முறையில், பதிவகத்தில் எந்தப் பைட் எழுத்தின் தொடக்கம் என்பது பிட்டுகளால் குறிக்கப்படுகிறது. அந்தப் பிட்டுக் கோலமே அட்டவணையில் ஒரு நுழைவு. அட்டவணை தரும் இடமாற்றக் கட்டளை மூன்று மூன்று பைட்டுகளை ஓர் அறைக்குள் திரட்டுகிறது. பிட்டுகள் கழிக்கப்பட்டு, நகர்த்தப்பட்டு, கூட்டப்பட்டு 2980 போன்ற எண்கள் உருவாகின்றன. நொடிக்கு நூறு கோடிக்கும் மேற்பட்ட எழுத்துகளை மாற்ற முடியும் என்பதை அவர்களின் ஆய்வுக்கட்டுரை காட்டியது. நோட் (Node.js) இயக்கச் சூழல் இந்நூலகத்தைச் சேர்த்துக்கொண்டதால் தமிழ் இணைய உரையின் ஒரு பகுதி அன்றாடம் இதன் வழியே போகிறது.

தமிழுக்குள்ளேயே வேறொரு தீர்வும் முன்வைக்கப்பட்டது. டேஸ்-16 குறியேற்றத்தில் ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனிக் குறியெண். திருவண்ணாமலைக்கு ஏழு எழுத்து, ஏழு அறை. வெக்டருக்கு இதைவிட இணக்கமான வடிவம் கிடையாது. 2010 ஜூனில் கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாகவும், அது பொருந்தாத இடங்களுக்கு டேஸ்-16ஐ மாற்றாகவும் அறிவித்தது. அதன் எண்கள் யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் இருப்பதால் பொதுக் கருவிகள் அவற்றைத் தமிழ் என்று அறியா. எனவே அச்சுத்துறையைத் தாண்டி அது பரவவில்லை.

இன்று வெக்டர் வழி மாற்றிகள் மாற்றும்போதே சரிபார்க்கவும் செய்கின்றன. 224 என்ற பைட்டுக்குப் பின் வருவது 160க்குக் குறைவாக இருந்தால் அது முறையற்ற நீட்சி, ஏற்கப்படாது. தமிழின் இரண்டாம் பைட் 174 அல்லது 175 என்பதால் நல்ல உரை இந்தச் சோதனையில் சிக்குவதில்லை. டிஸ்கிக் கோப்பைத் தவறுதலாக யூ.டி.எஃப்-8 என்று கொடுத்தால், குப்பையை வெளியிடாமல் மாற்றம் நிறுத்தப்பட்டு, எத்தனையாவது பைட்டில் ஒழுங்கு உடைந்தது என்ற எண் திருப்பித் தரப்படுகிறது. பாமினிக் கோப்புக்கு இந்தக் காவல் பயன்படாது. அதன் பைட்டுகளில் பெரும்பாலானவை 128க்குக் கீழே, ஒழுங்கான ஆங்கிலம் போலவே இருப்பதால் எந்தச் சரிபார்ப்பும் அதைத் தடையின்றி விட்டுவிடும். அச்சகங்களின் பழைய வட்டுகளில் கிடக்கும் அத்தகைய கோப்புகளுக்கு எழுத்துருவின் பெயரைக் கோப்போடு பதிந்து வைத்திருந்தால் மட்டுமே மாற்றியால் வேலையைத் தொடங்க முடிகிறது.